இல்லக் கணினியில் விரைவுப் பிணைய அட்டை பொருத்துமாறு

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கும் கணினிப் பொறிக்கும் யாது தொடர்பு என்று வினவுவார் உளர். அவர்க்கு விடை எளிது. நம் முன்னோர் நூல்கள் முதலிற் பனையோலையில் வாழ்ந்தன. பின்னர்த் தாளில் வாழ்ந்தன. இக்காலத்தே அவற்றுட் பல கணினியின் தட்டுகளிலும் வாழ்கின்றன. ஓலைக்கு மையாடி எழுத்தைத் துலக்குதலும், கயிறு கோத்துக் கட்டிவைத்தலும், செல்லரியாமற் பேணுதலும் பண்டைப் புலவர்க்குக் கடனாயிருந்தன. தட்டில் ஏறிய படியைப் பேணும் முறையை அறிதல் இற்றை மாணாக்கர்க்கு அத்தகைய கடனாம்.

இக்கடனைப் பெரிய நிலையங்கள் தம் அளவிற் செய்துவருகின்றன. 1955 இல் தோன்றிய புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கான சுவடிகளைப் பேணுகின்றது. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடித் தொகுதி 2005 இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களைக் கொண்டு 1994 இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஒன்று அமைந்தது. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் அன்பர் பலர்தம் கைவருத்தத்தால் தமிழ் நூல்களை மின்னுருவாக்கி உலகிற்கு வழங்கிற்று. எனினும், பெருநிலையங்களின் கண்ணுக்கு எட்டாத பழம்பதிப்புகளும் கையெழுத்துப் படிகளும் சிற்றூர் வீடுகளில் இன்னும் பல உள. அவற்றைப் படமெடுத்துக் காப்பார்க்கு உதவும் ஒரு சிறு கருவியைப் பற்றியே யாம் ஈண்டு எழுதப் புகுந்தேம். அஃது, கடைத்தெருவில் ‘நெட்வொர்க் கார்டு’ என வழங்கும் பிணைய அட்டையாம்.

1. வேண்டப்படுமாறு

விழுப்புரம் மாவட்டத்துக் காணையில் வாழும் தமிழாசிரியர் ஒருவர் இல்லத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வாம். அவர் தம் பாட்டனார் விட்டுச்சென்ற பழைய நூல்களை ஸ்கேனர் கொண்டு படமெடுக்கின்றார். ஏ4 தாளின் ஒரு பக்கத்தை அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் வண்ணத்தில் எடுப்பின், குறுக்கே 4,960 புள்ளியும் நெடுக்கே 7,016 புள்ளியும் அமையும். புள்ளி ஒன்றுக்கு 3 பைட்டு என, சுருக்காத படம் ஏறத்தாழ 104 மெகாபைட்டு ஆகும். 300 பக்கமுள்ள நூல் ஒன்று 31 கிகாபைட்டு இடங்கொள்ளும். அத்தகைய நூல் 64 சேர்ந்தால் 2,000 கிகாபைட்டு நிரம்பிவிடும். ஓர் அலமாரித் தட்டில் அடங்கும் நூல்களுக்கே கணக்கு இதுவாம்.

இப்படங்கள் ஒரே கணினியில் இருத்தல் தகாது. ஆதலின் ஆசிரியர், வீட்டின் வேறோர் அறையில் சர்வர் எனப்படும் வழங்கிக் கணினி ஒன்றை வைத்து, அதனுள் ஒரு படியும், உறவினர் ஊரில் மற்றொரு படியும் வைக்க எண்ணுகின்றார். இவ்வெண்ணம் வீண் அச்சத்தாற் பிறந்ததன்று. 2011 டிசம்பர் 30 இல் தானே புயல் கடலூர்க்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்தது. 2024 நவம்பர் 30 இரவில் பெஞ்சல் புயல் புதுச்சேரியை அடுத்துக் கரையேறிற்று. அப்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. விழுப்புரத்துத் தெருக்களும் சுற்றுப்புறச் சிற்றூர்களும் வெள்ளத்துள் நின்றன. தரைமட்டத்து அறையில் இருந்த கணினிக்கு அத்தகைய இரவில் யாது நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டா. இரண்டாம் படி இல்லாத ஏடு, கரையில்லாத ஏரியை ஒக்கும்.

படி எடுத்தல் நல்லதென்று அறியாதார் இலர்; எடாதாரே பலர். காரணம் சோம்பல் மட்டுமன்று, காலமும் ஆம். இரவு முழுதும் ஓடவேண்டிய வேலை, மின்தடை ஒன்றால் இடையறுந்து போகின், மறுநாள் அதனை மீளத் தொடங்க மனம் எழுவதில்லை. ஒரு மணிப்பொழுதில் முடியும் வேலையாயின் நாடோறும் நடைபெறும். விரைவின் பயன் இங்கேயே உளது.

2. அட்டையின் வரலாறும் தொழிலும்

கணினியிலுள்ள எண்களை மின்துடிப்பாகவோ ஒளித்துடிப்பாகவோ மாற்றிக் கம்பிவழி விடுத்தலும், வருவனவற்றை மீட்டும் எண்ணாக்கிக் கொடுத்தலும் பிணைய அட்டையின் தொழிலாம். இதற்கு அடிப்படையான ஈதர்நெட் முறையை 1973 இல் அமெரிக்க நாட்டுப் பாலோ ஆல்ட்டோவிலுள்ள ஜெராக்ஸ் ஆய்வகத்தில் இராபர்ட் மெட்காப், டேவிட் பாக்ஸ் என்னும் இருவர் வகுத்தனர். 1983 இல் அது பொதுத் தரமாயிற்று. அக்காலத்து வேகம் நொடிக்கு 10 மெகாபிட். பின்னர் அது நூறாகி ஆயிரமாகி வளர்ந்தது. நொடிக்கு 10 கிகாபிட் செல்லும் தரம் 2002 இல் ஒளியிழைக்கும், 2006 இல் முறுக்கிய செம்புக் கம்பிக்கும் வகுக்கப்பட்டது. இல்லங்களிலுள்ள பழைய கம்பியை மாற்றாமலே 2.5 கிகாபிட்டும் 5 கிகாபிட்டும் செலுத்தும் தரம் 2016 இல் வந்தது.

ஈண்டு ஓர் ஐயத்தை நீக்குதல் வேண்டும். கம்பியின் வேகத்தைப் பிட்டாலும், கோப்பின் அளவைப் பைட்டாலும் கூறுதல் வழக்கு. 8 பிட் கூடியது 1 பைட்டு. ஆகவே நொடிக்கு 1 கிகாபிட் என்பது நொடிக்கு 125 மெகாபைட்டு. முகவரி, காப்பு முதலிய சுமைகள் போக, கைக்கு வருவது ஏறத்தாழ 110. பத்துக் கிகாபிட் அட்டையில் அவ்வாறே ஏறத்தாழ 1,100 எனக் கொள்க. இவ்வேற்றுமையை உணராதார், ஆயிரம் என்று வாங்கிய பொருள் நூற்றுப்பத்தே தருகின்றதென்று கடைக்காரரை நொந்துகொள்வர்.

3. விரைவு தடைப்படும் இடம்

காணையைச் சூழ்ந்த நாடு ஏரிப்பாசன நாடு. ஏரி நிரம்பியிருந்தும், மதகு குறுகியதாயின் வயலுக்கு நீர் மெல்லவே வரும். மதகை அகலமாக்கியபின் வாய்க்கால் தூர்ந்திருப்பின் அப்போதும் மெல்லவே வரும். உழவர் இதனை நன்கறிவர். ஆதலின் முதலில் எங்கே தடை என்று நடந்து பார்த்த பின்னரே மண்வெட்டி எடுப்பர். கணினியிலும் நாம் செய்யத்தக்கது அதுவே. அனுப்பும் கணினியின் தட்டு ஏரியாம், பிணைய அட்டை மதகாம், கம்பி வாய்க்காலாம், வாங்கும் கணினியின் தட்டு வயலாம். இந்நான்கினுள் எது குறுகியதோ அதன் அளவே முழுவதின் அளவு.

மேற்கூறிய 2,000 கிகாபைட்டைக் கொண்டு கணக்கிட்டுக் காண்பாம். பழைய 100 மெகாபிட் துறையின் வழி நொடிக்கு 11 மெகாபைட்டே செல்லும். ஆதலின் 50 மணிக்கு மேலாகும். 1 கிகாபிட் துறையில் 5 மணியாகும். 10 கிகாபிட் அட்டையிலோ அரைமணிப் பொழுதே வேண்டும் என்று எண்ணத் தோன்றும். ஆனால், சுழலும் ஹார்டு டிஸ்க் ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 200 மெகாபைட்டே எழுதவல்லது. ஆகவே அட்டை எத்துணை விரைவினதாயினும் 2 மணி 47 நிமிடத்திற்குக் குறையாது. சாட்டா வகை எஸ்.எஸ்.டி. நொடிக்கு 500 எழுதுமெனின் 1 மணி 7 நிமிடம் ஆகும். என்.வி.எம்.இ. வகைத் தட்டு இருபுறமும் இருந்து, நெடுநேரம் எழுதினும் வேகங் குன்றாததாயின், அரைமணிக் கணக்கு அப்போதே மெய்யாகும்.

இதனினின்று பெறப்படுவது யாது? வழங்கியில் ஒற்றை ஹார்டு டிஸ்க் மட்டும் உடையார்க்கு 10 கிகாபிட் அட்டை வேண்டா. ஏறத்தாழ 280 மெகாபைட்டு செலுத்தும் 2.5 கிகாபிட் அட்டையே அத்தட்டின் முழு வேகத்தையும் தாங்கும். அதன் விலையும் குறைவு. பழைய கம்பியும் போதும். எஸ்.எஸ்.டி. உடையாரும், பல தட்டுகளை ஒருங்கிணைத்து இயக்குவாருமே பத்துக் கிகாபிட்டிற்கு உரியர். சிற்றூர் ஆசிரியரின் பணத்தைக் காக்கும் கணக்கு இது; ஆதலின் வாங்குமுன் போடத்தக்கது.

4. அட்டையும் செருகுவாயும்

இலக்கணத்தில் நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் நோக்கியே புணர்ச்சி கொள்ளப்படும். தாய்ப்பலகையிலுள்ள செருகுவாய் நிலைமொழியும், அட்டை வருமொழியும் போல்வன. இரண்டும் இயைந்தால் இயல்புப் புணர்ச்சி; இயையாவிடத்து ஒன்று கெடும்; கெடுவது வேகமாம்.

இன்று வழங்கும் செருகுவாய் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வகையினது. அது 1, 4, 8, 16 எனத் தடங்களின் எண்ணால் வேறுபடும். இரண்டாந் தலைமுறையில் ஒரு தடம் நொடிக்கு 500 மெகாபைட்டும், மூன்றாந் தலைமுறையில் ஏறத்தாழ 985 மெகாபைட்டும் செலுத்தும். அட்டையும் செருகுவாயும் வெவ்வேறு தலைமுறையினவாயின், இளையது மூத்ததன் அளவிற்கு இறங்கிவரும். இதனால் விளையும் ஒரு நுட்பத்தைக் காண்க. பயன்படுத்திய பொருட் சந்தையில் கிடைக்கும் இன்டெல் எக்ஸ்520 அட்டை இரண்டாந் தலைமுறை எட்டுத் தடத்தது. அதனை நான்கு தடம் உள்ள வாயிற் செருகினும் 2,000 மெகாபைட்டு செல்லும்; ஒரு துறைக்கு வேண்டுவது 1,250 ஆகலின் குறைவில்லை. ஒரு தடத்து வாயிலோ, அவ்வாய் மூன்றாந் தலைமுறையதாயினும், 500 மட்டுமே செல்லும்.

வேறும் இரண்டு காண்டற்குரியன. செருகுவாய் நீளமாயிருத்தல் கொண்டு தடம் மிகுதி என்று துணியலாகாது. நீண்ட வாயினுள் நான்கு தடமே இணைக்கப்பட்டிருத்தலும் உண்டு. சில பலகைகளில், எம்.2 வகைத் தட்டு ஒன்றைப் பொருத்தியவுடன் ஒரு செருகுவாய் செயலற்றுப்போம். இவ்விரண்டும் தாய்ப்பலகையின் கையேட்டில் எழுதப்பட்டிருக்கும். வாங்குமுன் அக்கையேட்டைப் படித்தல், உரையின்றிச் செய்யுள் படியாமை போல்வதொரு நல்வழக்கம்.

5. கம்பியும் ஒளியிழையும்

செம்புக் கம்பியுள் கேட் 5இ வகை 2.5 கிகாபிட்டை 100 மீட்டர் வரை தாங்கும். 10 கிகாபிட்டிற்குக் கேட் 6 கம்பி 55 மீட்டர் வரையும், கேட் 6ஏ கம்பி 100 மீட்டர் வரையும் உதவும். செம்புக் கம்பிக்குரிய 10 கிகாபிட் அட்டை மின்சாரம் மிகுதியாக உண்டு மிகுதியாகச் சூடேறும். எஸ்.எப்.பி. பிளஸ் என்னும் துறையுடைய அட்டைகள் குறைந்த சூட்டின. இரண்டு கணினியும் அருகருகே இருப்பின், இருமுனையும் பொருத்தப்பட்டே வரும் செம்பு டி.ஏ.சி. கேபிள் ஒன்று போதும். அது சில மீட்டர் அளவிற்கே உரியது. வேறு அறைக்கோ மாடிக்கோ செல்லவேண்டின் ஒளியிழை நன்று. இடிமின்னல் மிக்க ஐப்பசி கார்த்திகையில், மின்சாரத்தைக் கடத்தாத கண்ணாடி இழை கணினிகளுக்கிடையே ஒரு காப்பாகவும் அமையும். எக்ஸ்520 அட்டை பிற நிறுவனத்து ஒளி மாட்யூல்களை இயல்பாக ஏற்பதில்லை. ஆதலின் அதற்கென்றே குறியிட்ட மாட்யூல் கேட்டு வாங்குக.

இருகணினிக்கு மேல் இல்லாத வீட்டில் சுவிட்ச் வாங்கும் செலவும் வேண்டா. இரண்டு அட்டையை ஒரே கேபிளால் நேரே இணைத்துவிடலாம்; இணையத்திற்கு முன்னிருந்த பழைய துறையே தொடர்ந்து பயன்படும்.

6. பொருத்தும் முறை

முதற்கண் கணினியை முறைப்படி நிறுத்தி, மின்செருகியைப் பிடுங்குக. பின் தொடக்கப் பொத்தானைச் சில நொடி அழுத்தின், எஞ்சிய மின்னேற்றம் நீங்கும். பெட்டியின் பூச்சில்லாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னைப் போக்குக. அட்டையை ஓரங்களிற் பிடித்து, செருகுவாயின் மேல் நேர்நிறுத்தி, ஒருசீராக அழுத்தி, திருகு முடுக்குக. சாய்வாக அழுத்தலாகாது.

வெப்பத்தை மறத்தலாகாது. நிலையங்களில் இருந்து கழிக்கப்பட்டுச் சந்தைக்கு வரும் அட்டைகள், ஓயாது வீசும் வலிய விசிறிகளை எண்ணிச் செய்யப்பட்டவை. அவை அமைதியான இல்லக் கணினியுள் அடங்கின், நம் நாட்டு அக்கினி நட்சத்திர நாள்களிற் சூடு மிகுந்து இணைப்பு அறுவதுண்டு. அட்டையின் வெப்பந்தணிக்கும் தகட்டின்மேற் காற்றுப் படுமாறு சிறு விசிறி ஒன்றை அமைத்தால் இவ்விடர் நீங்கும்.

கணினியை மீளத் தொடங்கியபின், இயங்குதளம் அட்டையை அறிந்ததா என்று காண்க. லினக்ஸில் மேற்கூறிய அட்டைக்கான டிரைவர் உடன்வருவதே. விண்டோஸில், அவ்வட்டைக்கும் நாம் கொண்டுள்ள விண்டோஸ் பதிப்பிற்கும் உரிய டிரைவர் உண்டா என்பதை வாங்குமுன்னரே அறிந்துகொள்க. அடுத்து, இரு அட்டைக்கும் முகவரி இடுக. வீட்டின் பழைய பிணையம் 192.168.1 எனத் தொடங்குமாயின், புதிய வழிக்கு வேறொரு தொகுதி வேண்டும். ஒன்றிற்கு 10.10.10.1 எனவும், மற்றதற்கு 10.10.10.2 எனவும், இரண்டிற்கும் 255.255.255.0 என்னும் முகமூடியும் கொடுக்க. கேட்வே என்னுமிடத்தை வெறுமையாக விடுக. இன்றேல் இணையத்தைத் தேடிக் கணினி இவ்வழியே சென்று திகைக்கும்.

7. சோதனை

பொருத்தியவுடன் கோப்பை அனுப்பி வேகங் காணுதல் பலர் வழக்கம். அதனினும் நல்ல முறை ஒன்று உண்டு. ஐபெர்ப்3 என்னும் இலவச மென்பொருள், தட்டைத் தொடாமல் நினைவகத்தினின்று நினைவகத்திற்கு எண்களை விடுத்து, மதகையும் வாய்க்காலையும் மட்டும் அளந்து காட்டும். அதில் 9 கிகாபிட்டிற்கு மேல் வரின் அட்டையும் கம்பியும் குற்றமற்றன. பின்னர்க் கோப்பை அனுப்புங்கால் வேகங் குறையின், குறை தட்டினது என்று துணியலாம். ஐபெர்ப்பிலேயே குறைந்தால் செருகுவாயின் தடம், கேபிள், வெப்பம் என்னும் மூன்றையும் முறையே ஆராய்க.

ஐபெர்ப் நன்றாயிருந்தும் கோப்பு மட்டும் 110 மெகாபைட்டில் நின்றுவிடுமாயின், அது பழைய வழியே செல்கின்றது என்க. வழங்கியைப் பெயராலோ பழைய முகவரியாலோ அழைத்தலே அதன் காரணம். 10.10.10.2 என்னும் புதிய முகவரியால் அழைப்பின் நேராகும். ஒரு பொதியின் அளவை 1,500 பைட்டிலிருந்து 9,000 ஆக உயர்த்துதல் செயலியின் சுமையைக் குறைக்கும்; ஆயின் இருபுறமும் ஒரே அளவாதல் வேண்டும். ஒருபுறம் உயர்த்தி மறுபுறம் விடுத்தால், சிறு செய்தி செல்லும், பெருங்கோப்பு நின்றுவிடும். ஆகவே முதலில் 1,500 இலேயே சோதித்து, நன்றாயின் அதனோடு அமைதலே அறிவுடைமை.

8. இவ்வட்டை செய்யாதன

இவ்வட்டையால் இணையம் விரையும் என்று கருதுவாரும் உளர். அஃது உண்மையன்று. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் பணிக்கென 2018 இல் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் அமைக்கப்பட்டது. அத்தகைய இழை ஊருக்குள் வரினும், ஒரு வீட்டிற்கு வரும் வேகம் அவ்வீட்டார் கொண்ட இணைப்பின் அளவே. அட்டை வீட்டினுள்ளே இரு கணினிக்கு இடையேதான் வழி அகற்றும். ஊர் வாய்க்காலை அகற்றாது.

மற்றொன்று. புயலறிவிப்பு வந்தபின் ஒரு படியைக் கையிற் கொண்டு செல்லவேண்டின், யு.எஸ்.பி. ஹார்டு டிஸ்க்கை வழங்கியிலேயே நேரே செருகிப் படியெடுத்தல் போதும். அதற்குப் பிணைய அட்டை வேண்டா. அட்டையின் பயன், அவ்வறிவிப்பிற்கு முன்னரே, அன்றன்று எடுத்த படங்கள் அன்றன்றே வழங்கியைச் சேர்ந்திருக்கச் செய்தலில் உளது. அன்றாடக் கடமை எளிதாயின், ஆபத்துக் காலத்துப் பரபரப்பு பாதியாகக் குறையும். யு.பி.எஸ். ஒன்றும், தரைக்கு மேலே உயர்ந்த மேடையும், ஊர்மாறி வைத்த இரண்டாம் படியும் இன்றி அட்டை மட்டும் வாங்குவார், பழைய ஆடையும் புதுத்துண்டும் பற்றி ஆண்டவர் அருளிய உவமையை ஒருமுறை நினைத்தல் நன்று.

அச்சு வரலாறும் நமக்கு இதனையே கற்பிக்கின்றது. 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், தமிழில் நூல் அச்சிட விரும்பினார். ஐரோப்பாவினின்று அச்சுப்பொறி வந்தது. ஹாலே நகரில் வார்த்த தமிழெழுத்துகளும் வந்தன. அத்துடன் குறை தீர்ந்திலது. எழுத்துகள் பருத்தன; தாளோ அரியது; ஒரு நூலுக்கே தாள் போதாதாயிற்று. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். அருகிலிருந்த பொறையாற்றில் தாள் செய்யும் ஆலையையும் முயன்றனர். 1715 இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது. பொறியினால் மட்டும் அது முடிந்ததன்று; ஒரு தடை நீங்கியதும் அடுத்த தடை எங்கே என்று நோக்கி, அதனையும் நீக்கிய பொறுமையினால் முடிந்தது.

நம் வீடுகளிலுள்ள பழஞ்சுவடிகளுக்கும் அத்தகைய பொறுமை வேண்டும். அளந்து பார்த்து, வேண்டிய அளவிற்கே வாங்கி, ஒழுங்காகப் பொருத்தி, நாடோறும் படியெடுப்பார் இல்லத்தில், அடுத்த கார்த்திகை மழை எத்துணைப் பெரிதாயினும் ஏடு அழியாது. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவ நண்பர்கள், தம் வீட்டுப் பரணில் உள்ளவற்றை இறக்கிப் பார்த்து, இப்பணியை இவ்வாண்டே தொடங்குவாராக.